பத்துப் பேரும் ஒரு பத்திரமும்

திருமணத்துக்கு நாள் குறித்தாயிற்று, இடையில் இருப்பவை நான்கைந்து வாரங்களே என்றதும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் தேடி அலைவது மண்டபத்தைத்தான். கிடைக்காவிட்டால் மனம் தளர்கிறது. கிடைத்துவிட்டாலோ மண்டபத்தின் அளவுக்கேற்ப அழைப்புப் பட்டியலும், பட்டியலுக்கேற்ப விருந்தும், விருந்துக்கேற்பக் கடனும் வளர்கின்றன. இவ்வரிசை தலைகீழானது என்பது நம் கருத்து. அதை விளக்குவதற்கு, இந்நாட்டின் மிகச் சிறிய சமயச் சமூகங்களுள் ஒன்றான யூதரின் திருமணத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். சில வாரங்களுக்குள், நெருங்கியவர்கள் மட்டும் சூழ, திறந்த வெளியில் ஒரு யூதத் திருமணத்தை நடத்த விரும்பும் குடும்பத்துக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: இடம் எப்படியும் அமைந்துவிடும், முதலில் பத்திரத்தையும் சாட்சிகளையும் நாளையும் பாருங்கள்.

இந்திய யூதரின் தொகை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஐயாயிரத்துக்கும் குறைவு. அவர்களுள் பெரும்பான்மையினர் மும்பை, தாணே, ராய்கட் பகுதிகளில் வாழும் பெனே இஸ்ரேல் மக்கள். அலிபாக்கை அடுத்த நவ்காவ் கரையோரம் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டுமே உயிர் தப்பிக் கரையேறினர் என்பது அவர்கள் தம் தோற்றம் பற்றிச் சொல்லும் மரபுக் கதை. கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்தி ஓய்ந்தமையால் ‘சனிவார் தேலி’ என்று அழைக்கப்பட்டவர்கள். இஸ்ரேல் நாடு உருவான 1948க்குப் பின் பலர் அங்குக் குடிபெயர்ந்தனர். ஆகவே இன்று இங்கு நிச்சயிக்கப்படும் திருமணம் பெரும்பாலும் இரு நாடுகளுக்கிடையே பிரிந்து கிடக்கும் ஒரு குடும்பத்தின் திருமணமாகவே இருக்கிறது. அங்கிருந்து வரும் உறவினருக்கு விடுப்பு இரண்டு வாரம். மணமகனின் வேலை வேறொரு கண்டத்தில். பாட்டியின் உடல்நிலை காத்திருக்க விடாது. நாள் குறுகுவதற்கு இத்தகைய காரணங்களே போதும். அவசரத் திருமணம் என்றாலே ஐயத்தோடு புருவம் உயர்த்தும் வழக்கத்தை நாம் கைவிடுவது நல்லது.

முதலில், யூதச் சமயச் சட்டம் திருமணத்துக்குக் கேட்பவை எவை என்று பார்ப்போம். மணமகனுக்கே உரிமையான ஒரு மோதிரம். கெத்துபா என்னும் திருமணப் பத்திரம். தகுதியுள்ள இரு சாட்சிகள். நான்கு கழிகளின் மேல் விரித்த ஹுப்பா என்னும் விதானம். ஒரு கிண்ணம் திராட்சைமது. வாழ்த்துரைகள் ஏழையும் சொல்லும்போது உடனிருக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர். சில புதிய மரபினர் பெண்களையும் இப்பத்தில் எண்ணுவர். தொழுகைக்கூடம் இப்பட்டியலில் இல்லை. சொல்லப்போனால், ஐரோப்பிய யூதருள் பலர் விதானத்தை வானத்தின் கீழேதான் அமைப்பர். மணமக்களின் வழித்தோன்றல்கள் விண்மீன்களைப்போல் பெருக வேண்டும் என்பது அதன் குறிப்பு. பெனே இஸ்ரேல் மக்களோ தலைமுறை தலைமுறையாகத் தொழுகைக்கூடத்திலேயே மணவினையை நடத்தி வந்தவர்கள். மணமகள் உள்ளே வரும்போது மணமகன் அவளை நோக்கி எபிரேயப் பாட்டிசைத்து வரவேற்பது அவர்களுடைய அழகிய வழக்கம். அதை ஒரு தென்னந்தோப்பிலும் பாடலாம். 2022 மே மாதம் கொச்சியில் நிகழ்ந்த யூதத் திருமணம் ஒரு தனியார் விடுதி வளாகத்தில் விதானம் அமைத்தே நடத்தப்பட்டது. பழம்பெரும் தொழுகைக்கூடத்தில் கூடுவோர் எண்ணிக்கைக்கு இருந்த கட்டுப்பாடே அதற்குக் காரணம். ஆகவே திறந்த வெளி என்பது மரபைக் குறைப்பதாகாது.

இப்பட்டியலில் வங்கி வாடிக்கையாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டியவை மோதிரமும் பத்திரமும். மோதிரம் மிகச் சிறிய செப்புக்காசு ஒன்றின் மதிப்பையேனும் பெற்றிருந்தால் போதும் என்கிறது சட்டம். ஆனால் அது இரவலாக இருத்தல் கூடாது. தாயின் மோதிரத்தை அணிவிக்க விரும்பினால், தாய் அதை முன்கூட்டியே மகனுக்கு முழு உரிமையோடு கொடுத்துவிட வேண்டும். சடங்கு முடிந்ததும் திரும்பத் தருவான் என்ற எண்ணம் யாருக்கும் இருத்தலாகாது. கல் பதிக்காத வெறும் வளையமாக இருப்பதே வழக்கம். கல் இருந்தால் மணமகள் அதன் விலையைத் தவறாக மதிப்பிட்டுவிடக்கூடும். மதிப்பறியாமல் ஏற்றுக்கொண்ட பொருளால் ஓர் ஒப்பந்தம் உறுதிப்படாது என்ற கவலைதான் காரணம். கடைசி நேரத்தில் நகைக்கடையில் அகப்பட்டதை வாங்கும் குடும்பத்துக்கு இதைவிட எளிய விதி வேறென்ன வேண்டும்?

கெத்துபா அதனினும் முக்கியமானது. அரமேய மொழியில் எழுதப்படும் இப்பத்திரத்தில் காதல் மொழிகளைத் தேடுவோர் ஏமாறுவர். கணவன் மனைவிக்கு உணவும் உடையும் தரக் கடமைப்பட்டவன் என்பதும், மணமுறிவு நேர்ந்தாலோ அவன் இறந்தாலோ அவன் உடைமையிலிருந்து அவளுக்குச் சேர வேண்டிய தொகை இவ்வளவு என்பதும் அதில் எழுதப்படுகின்றன. முதல் திருமணமாயின் பழைய நாணயக் கணக்கில் 200 சூஸ், கைம்பெண்ணாயின் 100 சூஸ் என்று அடிப்படைத் தொகையைப் பழஞ்சட்டமே வரையறுத்தது. அதற்குமேல் சேர்ப்பது மணமகனின் விருப்பம். இப்பத்திரம் விதானத்தின் கீழ் அனைவர் செவியிலும் படும்படி வாசிக்கப்பட்டு மணமகளின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. ஒரு திருமணத்தின் நடுநாயகமாக, மனைவிக்குரிய பணப் பொறுப்பை நிறுத்திவைத்த மரபை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

அவசரத்தில் இதனை அச்சிட்ட படிவமாக வாங்கி, பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்திடுவோர் உண்டு. படிவம் பிழையன்று, பெயர்களைச் சரிபார்க்காமல் நிரப்புவதே பிழை. மணமக்களின் எபிரேயப் பெயர்கள், தந்தையரின் எபிரேயப் பெயர்கள், ஊர்ப்பெயர், நாள் ஆகியவற்றுள் ஒன்று பிசகினாலும் பத்திரம் கேள்விக்குள்ளாகலாம். அது பின்னொரு காலத்தில் பிள்ளைகளின் அடையாளச் சான்றாகவும் பயன்படும் என்பதை மறக்கலாகாது. 1960களின் தொடக்கத்தில், இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பெனே இஸ்ரேல் மக்கள் பிற யூதரை மணக்க முற்பட்டபோது, முன்னோரின் வழிமரபை ஆராய்ந்த பின்னரே இசைவளிக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தலைமை ராபி மன்றம் பணித்தது. மாதக்கணக்கான போராட்டத்துக்குப் பின் 1964இல்தான் அவ்வாணை திருத்தப்பட்டது. அத்தகைய காலங்களில் பெற்றோரின் கெத்துபா எவ்வளவு பெறும் என்பதை அச்சமூகத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பூக்காரரிடம் செலவிடும் ஒரு மணி நேரத்தைப் பத்திரத்தின் வரைவைப் படிப்பதற்குக் கொடுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

சிறிய திருமணத்துக்கே உரிய ஒரு சிக்கல் சாட்சிகளிடம் இருக்கிறது. மரபுச் சட்டப்படி சாட்சிகள் இருவரும் மணமக்களுக்கு உறவினராக இருத்தல் கூடாது. தமக்குள்ளும் உறவினராக இருத்தல் கூடாது. சமய நெறியைக் கடைப்பிடிக்கும் யூத ஆண்களாக இருக்க வேண்டும். வீட்டார் இருபது பேர் மட்டும் போதும் என்று மனம் நெகிழ்ந்து முடிவு செய்யும் குடும்பம், அவ்விருபது பேருள் சாட்சி சொல்லத்தக்கவர் ஒருவர்கூட இல்லை என்பதைத் திருமணத்தன்று காலையில் அறிந்தால் என்ன செய்யும்? ஆகவே அழைப்புப் பட்டியலின் முதல் இரு வரிகளில் உறவல்லாத இருவரின் பெயர்களை எழுதுங்கள். அடுத்துப் பத்துப் பேர் நிறைகிறார்களா என்று எண்ணுங்கள். மும்பையிலும் தாணேயிலும் இது கடினமன்று; ஆனால் படகேறிச் செல்ல வேண்டிய ஊரில், பத்தாவது ஆள் வரும் வண்டி வழியில் நின்றுவிட்டால் வாழ்த்துரைகளும் நின்றுவிடும். பதின்மூவரை அழைத்து வைப்பது அறிவுடைமை.

சடங்கை நடத்துபவர் ராபியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெனே இஸ்ரேல் மக்களிடையே நெடுங்காலம் ராபிகள் இருந்ததில்லை. தொழுகையை முன்னின்று நடத்தும் ஹஸ்ஸானே மணவினையையும் நடத்தி வைத்தார். ஆயினும் மணமக்கள் இருவரும் யூதர் என்பதற்கும் மணமாகாதவர் என்பதற்கும் சான்று கேட்பது நடத்துபவரின் கடமை. முன்னர் மணமுறிவு நேர்ந்திருந்தால், நீதிமன்றத் தீர்ப்போடு சமய முறையிலான விடுதலைப் பத்திரமும் வேண்டும். இவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியனவாக இருந்தால், நான்கு வாரத்துள் இரண்டு வாரம் இதிலேயே கழியும். முதல் தொலைபேசி அழைப்பு இவருக்குச் செல்ல வேண்டும், பந்தற்காரருக்கு அன்று.

இனி நாள். அலங்காரத்தையும் விருந்தையும் பணத்தால் விரைவுபடுத்தலாம். நாள்காட்டியை எப்பணத்தாலும் அசைக்க இயலாது. வெள்ளி மாலைக் கதிரவன் மறைவு முதல் சனி இரவு வரை ஓய்வுநாள். அதில் திருமணம் இல்லை. பெருவிழா நாள்களிலும், பாஸ்கா, கூடாரப் பெருவிழா ஆகியவற்றின் இடைநாள்களிலும் இல்லை. பாஸ்காவை அடுத்து எண்ணப்படும் ஓமர் நாள்களுள் 33ஆம் நாள் வரை, சில மரபுகளில் அதற்கு மறுநாள் வரை, திருமணத்தைத் தவிர்ப்பர். இது ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி வரும். எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைந்து துயர்காக்கும் மூன்று வாரங்கள் ஜூலை, ஆகஸ்டை ஒட்டி வரும். அவற்றுள் எத்தனை நாள்களை விலக்குவது என்பது சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, பாவக்கழுவாய் நாள், கூடாரப் பெருவிழா என விழாக்கள் அடுத்தடுத்து நிற்கும். கொங்கணக் கடற்கரையின் மழையோ ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை ஓயாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், திறந்த வெளித் திருமணத்துக்கு நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே இயல்பாக வாய்க்கிறது. ஜூலையில் அவசரம் நேர்ந்தவர்கள் திறந்த வெளியை விட்டுவிட்டு, நான்கு கழி விதானத்தை ஒரு வீட்டின் கூடத்திலோ தொழுகைக்கூடத்திலோ நிறுத்திக்கொள்வதே நலம். வானத்தோடு வழக்காடிப் பயனில்லை.

கிழமைகளுள் செவ்வாய் சிறப்புடையதாகக் கருதப்படுகிறது. படைப்பு வரலாற்றின் மூன்றாம் நாளில் ‘நன்று’ என்ற சொல் இருமுறை வருவதே காரணம். விருந்தினருக்கு உகந்தது ஞாயிறு. ஆனால் ஞாயிறு காலையில் திருமணம் என்றால் அதற்கு முந்திய நாள் ஓய்வுநாளாகிவிடுகிறது. பணம் செலுத்துதல், பொருள் ஏற்றுதல், கையெழுத்திடுதல் எதுவும் அன்று நடவாது. எனவே அனைத்துக் கொடுப்பனவுகளையும் வெள்ளி நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. யூத நாள் மாலையில் தொடங்குகிறது. கதிரவன் கடலில் இறங்கும் வேளையில் நிழற்படம் அழகாக அமையும் என்று சடங்கை மாலைக்குத் தள்ளுவோர், பத்திரத்தில் எழுதிய நாள் மறைவோடு மாறிவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மறைவுக்கு முன் முடிப்பதா, மறுநாளின் பெயரில் எழுதுவதா என்பதை நடத்துபவரிடம் முன்னதாகவே கேட்டுத் தெளிக.

இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவே நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அலிபாக் பகுதியில் ‘வாடி’ எனப்படும் தென்னை, பாக்குத் தோட்டங்களுள் ஒன்றில் முப்பது நாற்காலிகள் போட்டால் போதும். விதானத்துக்குத் தொழுகைச் சால்வை ஒன்றே தகும். கழிகளை நான்கு நண்பர்கள் பிடித்துக்கொள்ளலாம், கடற்காற்றில் நட்ட கழிகளைவிட அவர்கள் உறுதியாக நிற்பர். சடங்கின் முடிவில் மணமகன் கண்ணாடிக் கிண்ணத்தை மிதித்து உடைக்க வேண்டும். புல்தரையிலும் மணலிலும் அது உடையாமல் புதைந்துபோகும். துணியில் சுற்றி ஒரு மரப்பலகையின் மேல் வைத்தால் முதல் மிதியிலேயே உடையும். மும்பையிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகில் வருவோர் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை அறிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்துவது சட்டம். முப்பது பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு என்பது வேறு கேள்வி.

விருந்தில் இறைச்சி வேண்டுமென்றால், சமய விதிப்படி அறுக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். குறுகிய காலத்தில் அது எளிதன்று. காய்கறி உணவும், செதிலும் துடுப்பும் உடைய மீனும் இச்சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன. அடுக்களையின் பாத்திரங்களைப் பற்றி மட்டும் ஹஸ்ஸானிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளலாம். பெனே இஸ்ரேல் சமையலில் தேங்காய்ப்பாலுக்கு உயர்ந்த இடம் உண்டு. இறைச்சியோடு பாலைக் கலவாத விதிக்கு அது பொருந்தியது. திராட்சைமது கிடைக்காதபோது உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றால் வாழ்த்துரை சொல்வதும் இவர்கள் பழக்கமே. அவலைத் தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, பழங்கள் சூழ வைத்து, எலியா இறைவாக்கினரை நினைந்து படைக்கும் மலிதா இல்லாமல் இவர்களிடையே மகிழ்ச்சி நிறைவுறாது. அதற்குச் சமையற்காரரும் வேண்டியதில்லை. அத்தையும் பெரியம்மாவும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவர்.

இத்தனைக்கும் எதிராக ஒரு கேள்வி எழும், அது நியாயமான கேள்வி. ஐயாயிரம் பேர்கூட இல்லாத சமூகத்தில், நடக்கும் ஒவ்வொரு திருமணமும் அனைவருக்கும் சொந்தம் அல்லவா? முதியவர்களை விலக்கிவிட்டு முப்பது பேர் ஒரு தோப்பில் மகிழ்வது தகுமா? இவ்வருத்தத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது திருமணத்தில் ஐம்பது பேருக்குமேல் கூடலாகாது என்று அரசு வரையறுத்தபோது, எல்லாச் சமயத்தினரும் இவ்வருத்தத்தை உணர்ந்தனர். ஆனால் இதற்கான விடையும் யூத மரபுக்குள்ளேயே இருக்கிறது. முதல் திருமணத்துக்குப் பின் ஏழு நாள் மணமக்களுக்கு விருந்து; ஒவ்வொரு விருந்திலும் பத்துப் பேர் கூடினால் அதே ஏழு வாழ்த்துரைகளும் மீண்டும் சொல்லப்படும். அதற்கு ஒரு கட்டளை உண்டு: முந்தைய விருந்துகளுக்கு வராத புதிய முகம் ஒன்றாவது அங்கு இருக்க வேண்டும். அழைக்கப்படாதவரை அழைப்பதற்கென்றே அமைந்ததுபோன்ற இவ்வேற்பாட்டைப் பயன்படுத்தாமல், எல்லோரையும் ஒரே இரவில் ஒரே மண்டபத்தில் அடைத்து, மேடையில் வரிசையாக நிறுத்திப் படமெடுத்து அனுப்புவதே மரியாதை என்று எண்ணுவது நமக்கு விளங்கவில்லை. ஞாயிறன்று தோப்பில் முப்பது பேர். செவ்வாயன்று தாணேயில் மாமா வீட்டில் பதினைந்து பேர். வியாழனன்று பைகுலாவில் பாட்டியின் கட்டிலருகே பன்னிரண்டு பேர். பாட்டிக்கு எது வேண்டும் என்று அவரையே கேட்டுப் பார்க்கலாம்.

கடனைப் பற்றி ஒரு சொல். கடன் கொடுப்பதையும் தொழிலாகக் கொண்ட வங்கியின் இதழில் இதை எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். திருமணத்துக்கென்று பெறும் தனிநபர் கடன் பிணையில்லாதது. ஆகவே அதன் வட்டி வீட்டுக்கடன் வட்டியைவிட மிகுதி. தவணை பல ஆண்டு நீளும். கணவன் மனைவிக்குக் கடமைப்பட்ட தொகையைச் சாட்சிகள் முன் எழுதித் தரும் அதே நாளில், பந்தலுக்கும் விளக்குக்கும் வட்டியோடு கூடிய இன்னொரு கடமையை அவன் தோளில் ஏற்றுவது பொருந்தாது என்று கருதுகிறோம். முன்பணம் கொடுப்பதாயின் கணக்கு வழியாகவே கொடுத்து, மழையாலோ நாள் மாற்றத்தாலோ நிகழ்ச்சி தடைப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்க.

சமயச் சடங்கோடு பணி முடிவதில்லை. யூதத் திருமணத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இயற்றப்படவில்லை. சமூகத்தின் வழக்காறே அதனை ஆள்கிறது. ஆயினும் எச்சமயத்தாரின் திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பணித்திருக்கிறது. மணமக்களுள் ஒருவர் வேறு சமயத்தவராயின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமே வழி. அதன்படி இருவருள் ஒருவராவது அம்மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த பின்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இரண்டு வார விடுப்பில் வருவோர் இக்கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வாழ்க்கைத்துணை விசாவுக்குத் தேவைப்படுவது பதிவுச் சான்றிதழே. சான்றிதழ் கைக்கு வந்ததும் வங்கிக் கணக்கின் நியமனத்தை மாற்றுங்கள். திருமணம் ஆனதனால் அது தானாக மாறுவதில்லை. வருங்கால வைப்புநிதியிலோ, குடும்பம் இல்லாத காலத்தில் பிறர் பெயரில் செய்த நியமனம் குடும்பம் அமைந்ததும் செல்லாமற்போகும். அங்குப் புதிதாகவே எழுதித் தர வேண்டும்.

கெத்துபாவை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. பலர் அதைச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டுகின்றனர். வண்ண ஓவியங்கள் சூழ எழுதப்பட்ட பத்திரம் அதற்குத் தகுந்த அழகுடையதுதான். ஆனால் கடலோரக் காற்றின் ஈரம் தாளுக்கு ஆகாது. அப்பத்திரம் தொலைந்துவிட்டால், மாற்றுப் பத்திரம் எழுதப்படும்வரை கணவனும் மனைவியும் சேர்ந்து வாழலாகாது என்கிறது மரபு. ஒரு படியைச் சுவரில் மாட்டிவிட்டு, மூலத்தைப் பெட்டகத்தில் வைக்கலாம். பத்திரம் மனைவியின் உடைமை. ஆகவே பெட்டகம் அவர் பெயரிலோ, அவர் தனித்துத் திறக்கக்கூடிய கூட்டுப் பெயரிலோ இருக்கட்டும்.